ஜெர்மன் ஸ்கோப்பின் வயதைப் படிப்பது எப்படி?

பழைய துப்பாக்கி ஸ்கோப் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "இது எந்த வருஷத்துச் சாமான்?" என்பதுதான். ஜொகூரின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங்கில் அந்தக் கேள்வியோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வரும்: "யுத்த காலத்து ஜெர்மன்காரன் சாமான்னு தாத்தா சொல்லுவாரு."

ஆளுக்கொரு தே தாரிக் சொல்லிவிட்டு உட்காருங்கள். நிதானமாகப் பார்த்தால், தாத்தா சொன்னதில் எது கண்டது, எது கேட்டது என்று அந்த உலோகக் குழாயே பிரித்துக் காட்டும்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் ஸ்கோப்புகளில் தயாரித்த ஆண்டைப் பெரும்பாலும் பொறிப்பதில்லை. குழாயின்மேல் இருக்கும் எண் வரிசை எண். அதில் 1912 என்றோ 1938 என்றோ தற்செயலாக ஒரு துண்டு தெரிந்தால், அதை ஆண்டு என்று எடுத்துக்கொண்டு பலர் ஏமாந்திருக்கிறார்கள். ஆகவே ஆண்டைத் தேட வேண்டாம். இரண்டு வேலிகளைத் தேடுங்கள். இதற்கு முன்னால் இந்தப் பொருள் பிறந்திருக்க முடியாது என்பது ஒரு வேலி. இதற்குப் பின்னால் பிறந்திருக்க முடியாது என்பது இன்னொரு வேலி. பெயர், முத்திரை, எழுத்து, லென்ஸின் நிறம் எல்லாம் இந்த வேலிகளில் ஒன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளும். கடைசியில் இரண்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் மிஞ்சினால் வேலை நன்றாக முடிந்தது என்று பொருள். ஒரே ஆண்டைச் சொல்லி அடித்துப் பேசுகிறவரிடம் "எந்தக் குறியை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

ஜெர்மன்தானா என்று முதலில் பாருங்கள்

இந்தக் கரையில் அந்தக் கேள்வி மிக அவசியம். 1942 ஜனவரியில் மெர்சிங்கைக் காத்து நின்றது ஆஸ்திரேலியாவின் 22ஆவது பிரிகேட். வடக்கே எண்டாவ் பக்கமிருந்து ஜப்பானியர் இறங்கிவந்தார்கள். ஜனவரி 26 இரவு, ஜெமாலுவாங் சாலையிலுள்ள நித்ஸ்டேல் ரப்பர்த் தோட்டத்தில், ஆஸ்திரேலியாவின் 2/18ஆவது பட்டாளம் அவர்களை மறைந்திருந்து தாக்கியது. அந்தச் சண்டையில் ஜெர்மானியர் எவரும் இல்லை. பிறகு 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பிரிட்டிஷ் படைகள் தீபகற்பம் முழுவதும் காடுகளில் அலைந்தன. அப்போதும் ஜெர்மானியர் இல்லை. ஆகவே இந்த வட்டாரத்தில் கிடைக்கும் பழைய ராணுவ ஸ்கோப் ஜப்பானியதாகவோ பிரிட்டிஷாகவோ இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

மூன்றையும் பிரிப்பது கடினமில்லை. ஜப்பானின் 97ஆம் வகைத் துப்பாக்கிக்கான ஸ்கோப்பில் "2.5 × 10°" என்று பொறித்திருக்கும். 2.5 மடங்கு பெருக்கம், 10 பாகை பார்வைப் பரப்பு என்பது அதன் பொருள். கண் வைக்கும் முனையில் ரப்பர்க் குவளை இருந்ததற்கான அடையாளம் தெரியும். குறியை உயர்த்தித் தாழ்த்த வெளியே திருகு எதுவும் இராது. எல்லாவற்றையும் ஆயுதச்சாலையிலேயே சரிசெய்து பூட்டிவிடுவார்கள். பிரிட்டனின் 32ஆம் எண் ஸ்கோப்பில் அரசுச் சொத்து என்பதைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். தயாரித்த ஆண்டும் பெரும்பாலும் பொறித்திருக்கும். மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று என இரண்டு திருகுகள் உண்டு. தூரக்கணக்கு கஜத்தில் இருக்கும்.

போருக்கு முந்தைய ஜெர்மன் ஸ்கோப்பில் பெரும்பாலும் மேலே ஒரே ஒரு திருகுதான். அதில் 1, 2, 3 என்றோ 100, 200, 300 என்றோ தூரம் மீட்டரில் இருக்கும். இடவல ஒழுங்கு ஸ்கோப்புக்குள் இல்லை. துப்பாக்கியோடு பிணைக்கும் தாங்கியில் இருக்கிறது. கண்ணை வைத்துக்கொண்டு அந்தத் திருகைச் சுழற்றிப் பாருங்கள். குறிக்கோடு காட்சியின் நடுவைவிட்டு மேலும் கீழும் நகர்வது கண்ணுக்கே தெரியும். குறிக்கோட்டை எப்போதும் நடுவிலேயே நிறுத்தும் அமைப்பு போருக்குப் பின்புதான் பரவலானது. குறிக்கோட்டின் வடிவமும் பேசும்: இரு பக்கமும் தடித்த பட்டைகள், கீழிருந்து நிமிரும் கூர்முனைத் தூண் ஒன்று என மூன்றும் சேர்ந்தால் அது ஜெர்மன் வேட்டைக்காரர்களின் பழைய வழக்கம். வெர்னியர் காலிப்பர் இருந்தால் குழாயின் குறுக்களவையும் எடுங்கள். ஜெர்மானிய, ஆஸ்திரியப் பழைய ஸ்கோப்புகளில் 26 மில்லிமீட்டர் மிகப் பரவலான அளவு. 25.4 மில்லிமீட்டர், அதாவது சரியாக ஓர் அங்குலம் என்றால் அமெரிக்க வழக்கத்தை நினையுங்கள்.

தோற்றத்தை மட்டும் நம்பவும் கூடாது. 1917இல் தோன்றிய நிப்பான் கோகாக்கு நிறுவனம், பிற்காலத்தில் நிக்கான் என்று நாம் அறிந்தது, 1921இல் எட்டு ஜெர்மன் தொழில்நுட்பர்களை ஜப்பானுக்கு வரவழைத்தது. அவர்களிடம் கற்ற கை செய்த கருவியில் ஜெர்மன் சாயல் இருப்பது இயல்பு. ஆகவே சாயலைப் பார்த்து முடிவு கட்டாமல் எழுத்தைத் தேடுங்கள்.

ஜெர்மன் கண்ணாடி மலாயாவுக்கு வந்த வழி

ஜெர்மன் ஸ்கோப் ஜொகூருக்கு வரவே வழியில்லை என்று சொல்லவில்லை. முக்கியமான வழி வேட்டை. முதல் உலகப் போருக்கு முன்பே வேட்டைத் துப்பாக்கிக்கான ஸ்கோப் என்றால் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும்தான். காலனி நாடுகளில் தோட்டம் நடத்திய துரைமார்களும் அதிகாரிகளும் புலி, காட்டெருது வேட்டைக்கு நல்ல துப்பாக்கியை வாங்கியபோது, அதன்மேல் ஜெர்மன் ஸ்கோப்பையும் பொருத்திக்கொண்டது உண்டு. 1895 முதல் 1959 வரை ஜொகூரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் பேர்பெற்ற புலிவேட்டைக்காரர். வேட்டை இந்த மாநிலத்தில் அரண்மனையிலிருந்து தோட்டத்துப் பங்களா வரை பரவியிருந்தது. போர் வந்து துரை ஓடியபோதும், பின்னாளில் தோட்டம் கைமாறியபோதும், பங்களாவிலிருந்த சாமான்கள் கிராணியார் வீட்டுக்கும் லயத்துக்கும் வந்து சேர்ந்திருக்கலாம். உங்கள் தாத்தா தோட்டத்தில் வேலை செய்தவர் என்றால் இந்த வழியைத்தான் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி கடல். 1943 ஆகஸ்டில் யு-178 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி பினாங்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு ஜெர்மன் கடற்படையின் ‘மான்சூன்’ குழு பினாங்கையும் சிங்கப்பூரையும் தளமாகக் கொண்டு இயங்கியது. அந்தக் கப்பல்காரர்களின் கண்ணாடிகள் பெரும்பாலும் 7×50 பைனாகுலர்கள். துப்பாக்கி ஸ்கோப் அவர்களுக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை. ஆனால் கீழே சொல்லப்போகும் போர்க்காலக் குறிகள் பைனாகுலருக்கும் அப்படியே பொருந்தும். ஆகவே வீட்டில் இருப்பது பைனாகுலர் என்றாலும் தொடர்ந்து கேளுங்கள்.

இந்தக் கண்ணாடிகளின் கதையில் நம் முன்னோருக்கும் ஓர் இடம் உண்டு. முதல் உலகப் போர் தொடங்கியபோது, நல்ல கண்ணாடிக் கருவிகளுக்குப் பிரிட்டன் ஜெர்மனியைத்தான் பெரிதும் நம்பியிருந்தது. ஜெர்மனிக்கோ ரப்பர் தட்டுப்பாடு. 1915 ஆகஸ்டில், போர் நடந்துகொண்டிருந்தபோதே, சுவிட்சர்லாந்து வழியாக ஜெர்மன் பைனாகுலர்களுக்கு ரப்பரைப் பண்டமாற்றாகக் கொடுப்பது குறித்துப் பேச்சு நடந்ததை அந்தப் போரின் வரலாற்று நூல்கள் பதிந்திருக்கின்றன. அன்று உலகின் தோட்ட ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து போனது. அந்தப் பாலைச் சீவிய கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்ட இரண்டு சாம்ராஜ்யங்கள் கண்ணாடிக்குப் பேரம் பேசியது நம் லயத்து உழைப்பை வைத்துத்தான். ஒரு பழைய ஸ்கோப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த வரலாறு ஒரு காரணம்.

பெயரைப் படியுங்கள்

இப்போது ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கைவிளக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினால், தேய்ந்துபோன எழுத்தின் நிழல் எழும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்ல் ஸெய்ஸ், யேனா என்று இருந்தால் கூடவே ஒரு சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு லென்ஸ்கள் ஒட்டிய வடிவச் சட்டத்துக்குள் நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்தச் சின்னம் 1904இல் வந்தது. ஆகவே இடப்பக்க வேலி, அதாவது முந்தைய வேலி, 1904. ஆனால் போருக்குப் பின்பும் யேனாவில் அதையே பயன்படுத்தினார்கள் என்பதால் வலப்பக்க வேலியை அது தராது.

சி. பி. கோயர்ஸ், பெர்லின் என்று இருந்தால் உங்களுக்கு நல்ல வேலி கிடைத்துவிட்டது. 1886இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1926இல் ஸெய்ஸ் ஐகானோடு இணைக்கப்பட்டது. எனவே பெர்லின் கோயர்ஸ் என்றால் அந்த இணைப்புக்கு முந்தையது. ‘செர்ட்டார்’ என்ற பெயரும் சேர்ந்திருந்தால் அது முதல் உலகப் போர்க்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட வகை. வியன்னாவிலிருந்த கோயர்ஸ் கிளை தனியாகத் தொடர்ந்து இயங்கியதால் ஊர்ப் பெயரைக் கட்டாயம் படித்துவிடுங்கள்.

ஹென்சோல்ட் என்றாலும் லைட்ஸ் என்றாலும் ஊர் வெட்ஸ்லார். ஃபோய்க்ட்லேண்டருக்கு பிரவுன்ஷ்வைக். எமில் புஷ் நிறுவனத்துக்கு ராத்தனோ. காலெஸ் என்றால் வியன்னா. 1898இல் தொடங்கிய ஆஸ்திரிய நிறுவனம். ஓய்கே, ஆயாக் இரண்டும் பெர்லின். ஊரும் பெயரும் பொருந்தாவிட்டால் சந்தேகப்படுங்கள். ஸெய்ஸின் வேட்டை ஸ்கோப்புகளில் ‘ஸீல்ஃபியர்’ என்றால் 4 மடங்கு, ‘ஸீல்ஸெக்ஸ்’ என்றால் 6, ‘ஸீலாக்ட்’ என்றால் 8. இந்தப் பெயர்கள் பெருக்கத்தைத்தான் சொல்கின்றன. ஆண்டுக்கு அடுத்த குறியைப் பார்க்க வேண்டும்.

உரிமை எழுத்துகளும் நாட்டுப் பெயரும்

நிறுவனத்தின் பெயருக்கு அருகே குட்டியாக டி.ஆர்.பி. அல்லது டி.ஆர்.ஜி.எம். என்று ஆங்கில எழுத்துகள் இருக்கலாம். முதலாவது ஜெர்மன் பேரரசுக் காப்புரிமை; 1877இல் தொடங்கியது. இரண்டாவது பயன்பாட்டு வடிவப் பதிவு, 1891இல் தொடங்கியது. 1945இல் அந்த அரசு வீழ்ந்ததோடு இரண்டுமே முடிந்தன. அதற்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் வந்தது டி.பி.பி., அதாவது கூட்டாட்சிக் குடியரசின் காப்புரிமை. நடு எழுத்து ஆர் என்றால் 1945க்கு முந்தைய வடிவமைப்பு, பி என்றால் 1949க்குப் பிந்தையது. ஒரே எழுத்து முழுப் போரையும் கடந்துவிடுகிறது.

‘ஜெர்மனியில் செய்யப்பட்டது’ என்ற ஆங்கில வாசகம் பிரிட்டனின் 1887ஆம் ஆண்டுச் சட்டத்தால் பரவியது. பிரிட்டிஷ் சந்தைகளுக்குப் போகும் சரக்கில் பிறந்த நாட்டைப் போட வேண்டும் என்றது அந்தச் சட்டம். அப்போதிருந்து இன்றுவரை அந்த வாசகம் இருப்பதால் தனியாக அது அதிகம் உதவாது. ஆனால் அதோடு சேரும் சொற்கள் பொன்னானவை. அமெரிக்க ஆக்கிரமிப்புப் பகுதியைக் குறிக்கும் ‘யு.எஸ். ஸோன்’ இருந்தால் 1945 முதல் 1949 வரையிலான நான்கே ஆண்டுகளுக்குள் விஷயம் சுருங்கிவிடும். மேற்கு ஜெர்மனி என்றோ, கிழக்கு ஜெர்மனியைக் குறிக்கும் டி.டி.ஆர். என்றோ இருந்தால் 1949க்கும் 1990க்கும் நடுவே.

போர்க்கால ரகசியக் குறிகள்

நிறுவனத்தின் பெயரே இல்லாமல் மூன்று சிறிய ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். எந்த ஆலை என்ன செய்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, 1940-41 வாக்கில் ஜெர்மன் ராணுவம் ஆலைகளுக்கு எழுத்துக் குறிகள் கொடுத்தது. பி.எல்.சி. என்றால் யேனாவின் ஸெய்ஸ். பி.இ.ஹெச். என்றால் லைட்ஸ். பி.எம்.ஜே. என்றால் ஹென்சோல்ட். சி.எக்ஸ்.என். என்றால் எமில் புஷ். டி.டி.எக்ஸ். என்றால் ஃபோய்க்ட்லேண்டர். டி.ஓ.டபிள்யூ. என்றால் ப்ரெராவ் நகரின் ஆப்டிகோடெக்னா. அந்த ஊர் இன்று செக் நாட்டில் பிரெரோவ் என்ற பெயரில் இருக்கிறது, ஆலை போருக்குப் பின் மியோப்டா ஆனது. இந்தக் குறி கிடைத்துவிட்டால் இரண்டு வேலிகளும் ஒரே நேரத்தில் நெருங்கிவிடும்: 1940க்கு முன்னால் இல்லை, 1945க்குப் பின்னால் இல்லை.

ராணுவ வகைப் பெயரும் பக்கத்தில் இருக்கலாம். ஸெட்.எஃப். 41 என்பது வெறும் 1.5 மடங்கு பெருக்கமுள்ள சின்னஞ்சிறு ஸ்கோப். கண்ணிலிருந்து தள்ளி, துப்பாக்கியின் பின் குறிமேடைமேல் அமர்வது. ஸெட்.எஃப். 4 என்பது 4 மடங்கு, போரின் பிற்பகுதியில் வந்தது. கழுகு முத்திரையும் எண்ணும் இருந்தால் அது ராணுவப் பரிசோதகரின் ஒப்புதல்.

ஸெய்ஸ் இரண்டான கதையும் வேலி தரும். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை யேனாவைப் பிடித்தது. ஜூலையில் ஊரைச் சோவியத் தரப்புக்கு ஒப்படைக்கும் முன், ஸெய்ஸின் எண்பதுக்கும் மேற்பட்ட முக்கிய நிபுணர்களை மேற்குப் பக்கம் கொண்டுபோய்விட்டது. அவர்களைக் கொண்டு 1946இல் ஓபர்கோகனில் புதிய ஆலை எழுந்தது. தொடக்க ஆண்டுகளில் ‘ஆப்டான்’, ‘ஸெய்ஸ்-ஆப்டான்’ என்ற பெயர்கள் வந்தன. கிழக்கில் 1948இல் யேனா ஆலை மக்கள் உடைமையாக்கப்பட்டது. பெயருக்கு முன்னால் வி.இ.பி. என்று சேர்ந்தது. ஓபர்கோகன் என்ற ஊர்ப் பெயர் இருந்தால் அந்த ஸ்கோப் எந்தப் போரையும் பார்த்ததில்லை. அதை ‘நாஜி ஸ்கோப்’ என்று விற்க வருகிறவரிடம் இந்த ஒரு செய்தியைச் சொன்னால் போதும்.

லென்ஸின் நிறம்

எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தாலும் கண்ணாடி பேசும். முன் லென்ஸைக் கடையின் டியூப் விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். விளக்கின் பிம்பம் வெள்ளையாகவே தெரிந்தால் அந்தப் பரப்பில் பூச்சு இல்லை. நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு உண்டு.

பூச்சு எதற்கு? பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் இருப்பது ஒரே லென்ஸ் அல்ல. முன் லென்ஸ், தலைகீழாக விழும் காட்சியை நிமிர்த்தும் லென்ஸ்கள், கண் லென்ஸ் என்று காற்றைத் தொடும் பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி கண்ணுக்கு வந்து சேராமலே போய்விடும். விடியலிலும் அந்தியிலும் விலங்கு நடமாடும் நேரத்தில் அது பெரிய நஷ்டம். ஸெய்ஸில் வேலை செய்த அலெக்சாந்தர் ஸ்மாகுலா, உக்ரைனில் பிறந்த இயற்பியலாளர், கண்ணாடிமேல் மிக மெல்லிய படலத்தைப் படியவைத்து இந்த இழப்பைக் குறைக்கும் வழியைக் கண்டார். 1935 நவம்பர் 1 அன்று ஸெய்ஸ் அதற்குக் காப்புரிமை கோரியது. முதலில் ராணுவத்துக்கென்றே அதை ஒதுக்கி வைத்தார்கள். பூச்சிட்ட கருவிகளில் ஆங்கில ‘டீ’ எழுத்து இருக்கும்.

ஆகவே ஆலையிலேயே பூசிய நீலம் இருந்தால் 1935க்கு முன்னால் இல்லை. வேட்டை ஸ்கோப் என்றால் பெரும்பாலும் போருக்குப் பிந்தையது. ஒரே ஓர் எச்சரிக்கை உண்டு: பழைய ஸ்கோப்பைப் பழுதுபார்க்கக் கொடுத்தபோது பின்னாளில் பூச்சு போட்டுக்கொண்டவர்கள் உண்டு. லென்ஸ் ஒரு கதையும் எழுத்து வேறு கதையும் சொன்னால் எழுத்தை நம்புங்கள். லென்ஸை அதன் பிற்கால வாழ்க்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சேர்த்துப் படிப்பது

இரண்டாவது தே வரட்டும். மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்த்துவிடலாம்.

முதல் ஸ்கோப்பில் கார்ல் ஸெய்ஸ் யேனா, லென்ஸ் வடிவச் சின்னம், டி.ஆர்.பி., மீட்டர் கணக்கில் ஒரே திருகு, பூச்சில்லாத கண்ணாடி. சின்னத்தால் 1904க்குப் பின். டி.ஆர்.பி.யால் 1945க்கு முன். நிறுவனத்தின் பெயர் வெளிப்படையாக இருப்பதாலும் ராணுவ முத்திரை இல்லாததாலும் வேட்டைக்குச் செய்தது. ஆக, 1904க்கும் இரண்டாம் உலகப் போருக்கும் நடுவே ஒரு வேட்டைக்காரர் வாங்கியது. தோட்டத்துப் பங்களாக் கதையோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

இரண்டாவதில் பெயர் இல்லை. டி.ஓ.டபிள்யூ. என்ற குறியும் ஸெட்.எஃப். 41 என்ற வகைப் பெயரும் மட்டும். 1940க்கும் 1945க்கும் நடுவே பிரெரோவில் செய்த ராணுவ ஸ்கோப். இது மெர்சிங் சண்டையில் கிடைத்தது என்று யாராவது சொன்னால் நம்புவதற்கில்லை. போருக்குப் பிறகு சேகரிப்பாளர்கள் கைமாற்றி வந்ததாகவே இருக்க வேண்டும்.

மூன்றாவதில் ஹென்சோல்ட் வெட்ஸ்லார், டி.பி.பி., நீலப் பூச்சு. 1949க்குப் பிந்தையது. தாத்தா அதை யுத்தச் சாமான் என்று நினைத்திருந்தால், அவர் காலத்தில் ஜெர்மனி என்றாலே யுத்தம் நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான். பொருள் நல்ல பொருள், வயதுதான் குறைவு.

போலிகள் நிறைய உண்டு. போர்க்கால ஸ்கோப்புகளைப் புதிதாகச் செய்து விற்பது பெரிய வியாபாரம். கழுகும் சுவஸ்திகாவும் இருந்தால் விலை ஏறும் என்பதால், சாதாரண வேட்டை ஸ்கோப்பில் அந்த முத்திரையைப் பின்னால் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். முத்திரை மேற்பூச்சு ஏறுவதற்கு முன் அடித்ததா, பின் அடித்ததா என்று விளிம்பைப் பாருங்கள். நாள்பட்ட துருவுக்கு நடுவே ஒரு முத்திரை மட்டும் பளிச்சென்று கூர்மையாக இருந்தால் அது நேற்று அடித்தது. அறுபது லட்சம் யூதர்களைக் கொன்ற அரசின் சின்னம் அது. அதை ஆபரணமாகக் கொண்டாட எதுவுமில்லை. ஆதாரமாக மட்டும் படியுங்கள்.

வைத்துக்கொள்வதும் ஒப்படைப்பதும்

வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை இந்தக் கரையை நனைத்துக்கொண்டே இருக்கும். பழைய லென்ஸுக்கு ஈரமும் உப்புக்காற்றும் எமன். உள்ளே சிலந்தி வலைபோல் தெரிவது பூஞ்சை. அது வளர்ந்தால் கண்ணாடியையே அரித்துவிடும். ஓரத்தில் வானவில் நிறத்தில் படர்ந்திருந்தால், இரண்டு லென்ஸ்களை ஒட்டிய பால்சம் பிசின் விடுபடுகிறது என்று பொருள். பூஞ்சை வளராமல் தடுப்பது உலர்ந்த இடம்தான்: காற்றுப் புகாத பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். நீங்களே கழற்றிச் சுத்தம் செய்யப் போகாதீர்கள். உள்ளிருக்கும் லென்ஸ்களின் இடைவெளி ஒருமுறை குலைந்தால் திரும்பச் சேர்ப்பது எளிதல்ல. பிராசோ போட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும். எழுத்து போனால் வேலிகளும் போய்விடும். ஸ்கோப் வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள், குழந்தைகளையும் பார்க்க விடாதீர்கள்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது பெருங்குற்றம். ஸ்கோப்போடு துப்பாக்கியோ தோட்டாவோ இருந்தால் பழசு, துருப்பிடித்தது என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் உடனே பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, தகவல் சொல்லுங்கள். ஸ்கோப் மட்டும்தான் என்றாலும், விற்பதற்கோ வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கோ முன் அங்கே கேட்டுவிடுவது நல்லது.

ஜெட்டிப் பக்கம் யாராவது கடலிலிருந்து எடுத்ததாக ஒரு கருவியைக் காட்டினால் வாங்காதீர்கள். 1941 டிசம்பரில் தியோமான் கடலில் ஓ-16, கே-17 என்ற இரண்டு டச்சு நீர்மூழ்கிகள் மூழ்கின. ஓ-16இல் தப்பியவர் கார்னெலிஸ் டி வோல்ஃப் ஒருவர்தான். நீந்தியே டாயாங் தீவுக்குக் கரையேறினார். மற்றவர்களின் கல்லறை அந்தக் கப்பல்தான். 2019இல் பார்த்தபோது பழைய இரும்புக்காக இரண்டையும் ஏறக்குறைய முழுவதும் அறுத்தெடுத்துப் போயிருந்தார்கள். கடலடியில் கிடைக்கும் பழம்பொருளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இறந்தவர் வீட்டுச் சாமானை விலைபேசுவது நமக்கு வழக்கமில்லை.

குழாயில் உள்ள எழுத்து, அது எங்கே, எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். எந்தத் தோட்டத்தில் இருந்தது, எந்தத் துரையிடமிருந்து வந்தது, தாத்தா கையில் யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்பதை உலோகம் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே, சொன்ன தேதியோடும் பெயரோடும் ஒரு தாளில் எழுதி ஸ்கோப்பின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். தோட்டத்துத் தமிழரின் வரலாற்றில் எழுதப்பட்டது குறைவு, வாய்மொழியாகவே கரைந்துபோனது அதிகம். இந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனதும் பெரியவர்களிடம் கேளுங்கள்.